படைத்துறை மருத்துவத் தவறும் இழப்பீட்டின் எல்லைகளும்

அமெரிக்காவில் தனியார் மருத்துவமனை ஒன்றில் மருத்துவரின் கவனக்குறைவால் உடலுறுப்பை இழக்கும் ஒருவர், அம்மருத்துவரையும் மருத்துவமனையையும் மாநில நீதிமன்றத்தில் எதிர்வாதிகளாக நிறுத்தி, ஜூரியின் முன் தம் இழப்பை எடுத்துரைத்து நட்டஈடு பெற முடியும். அதே தவறு பணியிலிருக்கும் படைவீரர் ஒருவருக்கு இராணுவ மருத்துவமனையில் நேர்ந்தால் அவருக்கு நீதிமன்றமும் இல்லை, ஜூரியும் இல்லை. 2019 டிசம்பர் வரை, அரசிடம் விண்ணப்பித்துக் கேட்கும் வழிகூட அவருக்குத் திறந்திருக்கவில்லை. இன்று அவ்வழி திறந்திருக்கிறது என்றாலும், அது எவருக்கு, எந்த இடத்தில் நேர்ந்த தவறுக்கு, எவ்வளவு தொகை வரை திறந்திருக்கிறது என்பதை அறியாமல் அதில் இறங்குவோர் பெரும்பாலும் ஏமாற்றத்துடனேயே திரும்புகின்றனர். அவ்வழியைத் திறந்த சட்டத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் குறிப்பிடும் ‘ஒரு லட்சம் டாலர்’ என்ற எல்லை உண்மையில் எல்லையே அன்று. உண்மையான எல்லைகள் வேறிடங்களில் உள்ளன என்பதை விளக்குவதே இவ்வியலின் நோக்கம்.

2009இல் தொடங்கப்பட்டு ‘மாவ்னி’ என்ற சுருக்கப்பெயரால் அறியப்பட்ட ஆட்சேர்ப்புத் திட்டம், நிரந்தர வசிப்புரிமை அட்டை இல்லாத வெளிநாட்டவரையும் அவர்களுடைய மொழியறிவுக்காக அமெரிக்கப் படைகளில் சேர்த்துக்கொண்டது. அத்திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. ஆகவே இச்சட்டம் தமிழ்க் குடும்பங்களுக்கு முற்றிலும் அயலானதன்று.

ஃபெரஸ் கோட்பாடு

அரசு தன் இசைவின்றித் தன் மீது வழக்குத் தொடர எவரையும் அனுமதிப்பதில்லை என்பது ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து அமெரிக்கா பெற்றுக்கொண்ட கொள்கை. இதனை இறையாண்மை விலக்குரிமை என்பர். இவ்விலக்குரிமையை ஓரளவு விட்டுக்கொடுத்து, அரசு ஊழியர்களின் கவனக்குறைவால் தீங்குற்றவர்கள் அரசின் மீது வழக்குத் தொடரலாம் என 1946இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றியதே கூட்டாட்சித் தீங்குக் கோரிக்கைச் சட்டம். தீங்கு என்பது இங்கு, ஒப்பந்த மீறலும் குற்றமும் அல்லாத வகையில் ஒருவர் மற்றொருவருக்கு இழைக்கும், பணத்தால் ஈடுசெய்யத்தக்க கேட்டைக் குறிக்கும் சட்டச்சொல். அச்சட்டம், போர்க்காலத்தில் படைகளின் போர்ச்செயல்களால் விளையும் கோரிக்கைகளையும் அயல்நாட்டில் எழும் கோரிக்கைகளையும் வெளிப்படையாக விலக்கியது. படைவீரர்களை விலக்குவதாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவ்விலக்கை ஏற்படுத்தியது உச்ச நீதிமன்றம். 1950 டிசம்பரில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதிய தீர்ப்பு, ஃபெரஸ் என்ற பெயரால் அறியப்பட்டாலும், மூன்று வழக்குகளை ஒருங்கே முடித்துவைத்தது. முதலாவது, நியூயார்க் மாநிலத்தின் பைன் முகாமில் பாதுகாப்பற்ற குடியிருப்பொன்று தீப்பற்றியதில் இறந்த வீரர் ஒருவரைப் பற்றியது. மற்ற இரண்டும் மருத்துவத் தவறு பற்றியவை. அவற்றுள் ஒன்றில், இராணுவ மருத்துவர்களிடம் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வீரர் ஒருவரின் வயிற்றிலிருந்து, அவர் படையிலிருந்து விடுபட்ட பின் நடந்த மற்றோர் அறுவையின்போது, 30 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் கொண்ட, இராணுவ மருத்துவத் துறையின் முத்திரை பொறித்த ஒரு துண்டு எடுக்கப்பட்டது. இவ்வளவு வெளிப்படையான தவறு நடந்திருந்தும், ‘பணியுடன் தொடர்புடைய செயலின் வழியாகவோ அதன் போக்கிலோ’ நேர்ந்த காயங்களுக்கு அரசு பொறுப்பாகாது என நீதிமன்றம் கூறி மூன்று கோரிக்கைகளையும் தள்ளியது. ஃபெரஸ் கோட்பாடு என்று இன்றுவரை வழங்குவது இதுவே. போர்க்களத் தளபதியின் முடிவுகளை நீதிமன்றங்கள் கிளறக்கூடாது என்பதற்காக உருவான கோட்பாடு எனப் பொதுவாக எண்ணப்படும் இது, பிறந்தபோதே மூன்றில் இரண்டு பங்கு அறுவைச் சிகிச்சைக் கூடத்தைப் பற்றியதாக இருந்தது என்பது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை.

தீர்ப்பு காட்டிய காரணங்கள் இன்றைய இழப்பீட்டுக் கணக்கிலும் தொடர்ந்து வருவதால் அவற்றை அறிந்துகொள்வது பயனுடையது. படை நடத்துவதற்கு நிகரான தனியார் பொறுப்பு எதுவும் இல்லை என்பதும், வீரர் எந்த மாநிலத்தில் பணியமர்த்தப்படுகிறார் என்பது அவர் கையில் இல்லாதபோது அவருடைய உரிமையை அம்மாநிலச் சட்டத்தைக் கொண்டு அளப்பது பொருந்தாது என்பதும், ஓய்வூதியம், ஊன ஊதியம் போன்றவற்றால் அரசு ஏற்கெனவே அவருக்கு ஈடு செய்கிறது என்பதும் அக்காரணங்கள். படை ஒழுங்கு குலையும் என்ற காரணம் பின்னாளைய தீர்ப்புகளில் வலுப்பெற்றது.

இக்கோட்பாட்டை 1987இல் ஜான்சன் வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தபோது, நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா கடுமையான மாறுபட்ட தீர்ப்பெழுதினார். கடற்படை மருத்துவமனையில் மகப்பேற்றின்போது உயிரிழந்த கடற்படைச் செவிலியர் ஒருவரின் கணவர் கொண்டுவந்த டேனியல் வழக்கை 2019 மே மாதம் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மறுத்தபோது, அதை ஏற்றிருக்க வேண்டும் என நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் மாறுபட்டு எழுதினார். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்கும் ஏற்றிருப்பேன் எனப் பதிவுசெய்தார். பொதுவாக எதிரெதிர் சட்ட நோக்குடைய இவ்விரு நீதிபதிகளும் இதில் ஒன்றுபட்டனர் என்பதும், அதன் பின்னரும் கோட்பாடு அசையவில்லை என்பதும், நீதிமன்ற வழியில் விடிவு எதிர்பார்ப்போர் மனத்தில் கொள்ளவேண்டியவை.

2019இல் திறந்த வழி

நுரையீரலில் இருந்த கட்டி சி.டி. ஸ்கேனில் தென்பட்டும் உரிய காலத்தில் தமக்குத் தெரிவிக்கப்படவில்லை எனக் கூறிய இராணுவச் சிறப்புப் படைவீரர் ரிச்சர்ட் ஸ்டேஸ்கல், தம் புற்றுநோயுடன் காங்கிரசின் படியேறி நடத்திய முயற்சியின் விளைவாக, 2020ஆம் நிதியாண்டுக்கான தேசியப் பாதுகாப்பு அதிகாரமளிப்புச் சட்டத்தின் 731ஆம் பிரிவு உருவானது. 2019 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான அப்பிரிவு, கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 2733ஏ என்ற எண்ணுடன் சேர்க்கப்பட்டது. அதற்கான நடைமுறை விதிகளைப் பாதுகாப்புத் துறை 2021 ஜூனில் இடைக்கால வடிவிலும், 2022 ஆகஸ்டில் இறுதி வடிவிலும் வெளியிட்டது.

இப்பிரிவு ஃபெரஸ் கோட்பாட்டை நீக்கிவிட்டது எனச் செய்தித்தாள்கள் எழுதியது தவறு. கோட்பாடு அப்படியே இருக்கிறது. வழக்குத் தொடரும் உரிமையை இப்பிரிவு அளிக்கவில்லை. பாதிக்கப்பட்ட வீரர் தாம் பணியாற்றும் படைத்துறையிடமே விண்ணப்பிக்கலாம், அத்துறையே விசாரித்து, தகுதியுடையது எனக் கண்டால் பணம் வழங்கலாம் என்பதே இதன் சாரம். இவ்வகையில் தவறிழைத்த தரப்பே நடுவராகவும் அமர்கிறது. இந்த அமைப்பின் குறைகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுவே எனக் கொள்வதில் பிழையில்லை.

எவர், எங்கே, எவரால்

விண்ணப்பிக்கும் தகுதி, தவறு நேர்ந்தபோது கூட்டாட்சிப் பணிநிலையில் இருந்த சீருடைப் படையினருக்கும், அவர் இறந்திருந்தாலோ இயலாநிலையில் இருந்தாலோ அவருடைய சட்டமுறைப் பிரதிநிதிக்கும் உரியது. அப்பணிநிலையில் இருந்தபோது பாதிக்கப்பட்ட தேசியக் காவற்படையினரும் இருப்புப் படையினரும் இதில் அடங்குவர். வீரரின் மனைவி, கணவர், பிள்ளைகள் ஆகியோர் தம் துயருக்கெனத் தனியே இங்குக் கேட்க முடியாது. வீரர் பட்ட வேதனை மட்டுமே கணக்கில் வரும். இராணுவ மருத்துவமனையில் மனைவிக்கு நேர்ந்த தவறு வேறு சட்டத்தின் கீழ் வருவதைப் பின்னர்க் காணலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, நிலையாக அமைந்த இராணுவ மருத்துவ மையங்கள், மருத்துவமனைகள், புறநோயாளர் மையங்கள் ஆகியவற்றில் நேர்ந்த தவறுகளே ஏற்கப்படும். களத்தில் இயங்கும் பட்டாலியன் உதவி நிலையம், போர்க்கப்பல், போர்ப்பகுதியில் அமைக்கப்பட்ட தற்காலிகச் சிகிச்சையிடம் ஆகியன இதற்கு வெளியே நிற்கின்றன. போர்க்களத்தில் குண்டு துளைத்தவருக்கு நெருக்கடியில் செய்யப்படும் சிகிச்சையை ஆறுதலாக அமர்ந்து எடைபோட முடியாது என்ற வாதம் நியாயமானதே. ஆனால் அமைதிக்காலத்தில் துறைமுகத்தை விட்டு நகராத கப்பலில் குடல்வால் அழற்சியை வயிற்றுவலி எனத் தவறாகக் கணித்து விடுவதற்கும் அதே விலக்கு பொருந்துவதற்கு அவ்வாதம் துணைநிற்காது.

தவறிழைத்தவர் எவர் என்பது மூன்றாவது வேலி. சீருடை மருத்துவர், பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர், துறையின் நேரடிக் கண்காணிப்பில் ஊழியரைப் போலவே பணியாற்றும் தனிநபர் சேவை ஒப்பந்ததாரர் ஆகிய மூவகையினரின் செயலுக்கே அரசு பொறுப்பேற்கிறது. தனி நிறுவனம் ஒன்றின் வழியாக, சுயேச்சையான ஒப்பந்தத்தின் கீழ் அதே மருத்துவமனையில் பணியாற்றும் மயக்க மருத்துவரோ கதிரியக்க மருத்துவரோ தவறிழைத்தால் அரசிடம் கேட்கக்கூடாது. அவர் மீதோ அந்நிறுவனத்தின் மீதோ மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். டிரைகேர் என்ற படைத்துறை மருத்துவக் காப்பீட்டின் வழி வெளியிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களின் நிலையும் இதுவே. நோயாளிக்கோ வெள்ளை மேலங்கி அணிந்த எல்லோரும் ஒன்றுபோலத் தோன்றுவர். ஆகவே சிகிச்சையளித்த ஒவ்வொருவரும் எந்த நிலையில் பணியாற்றினார் எனத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டறிவது, இக்கோரிக்கைக்கான கெடுவான இரண்டாண்டுகளைப் பிழையான வாயிலில் வீணாக்குவதைத் தவிர்க்கும். மாநில வழக்குகளுக்கான காலக்கெடு சில இடங்களில் இதைவிடக் குறுகியது என்பதால் இத்தகவல் மேலும் முதன்மை பெறுகிறது.

ஒரு லட்சம் டாலர் எதைக் குறிக்கிறது

இப்பிரிவின்படி, தகுதியுள்ள கோரிக்கைக்கு ஒரு லட்சம் டாலர் வரையான தொகையைப் பாதுகாப்புத் துறைச் செயலர் தம் துறையின் நிதியிலிருந்தே வழங்குவார். தொகை அதற்கு மேற்பட்டால், முதல் ஒரு லட்சத்தைத் தம் துறையிலிருந்து கொடுத்து, எஞ்சியதைக் கருவூலத் துறைக்கு எழுதி அனுப்புவார். அரசுக்கு எதிரான தீர்ப்புத் தொகைகளைச் செலுத்துவதற்கெனக் கருவூலம் நிலையாக வைத்திருக்கும் தீர்ப்பு நிதியிலிருந்து அது வழங்கப்படும். ஆக, ஒரு லட்சம் என்பது பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதைப் பிரிக்கும் கோடே அன்றி, வீரர் பெறக்கூடிய தொகையின் உச்சவரம்பு அன்று. இதை உச்சவரம்பாகக் கருதி, இருபது ஆண்டு வருவாயை இழந்தவர்கூட விண்ணப்பத்தில் ஒரு லட்சம் எனக் குறிப்பிட்டு விட்டால், பின்னர்த் துறை தானாக முன்வந்து அதைவிட மிகுதியாகத் தரும் என எதிர்பார்ப்பதற்கில்லை. விண்ணப்பத்தில் டாலரில் திட்டவட்டமான தொகையொன்றைக் கேட்டாக வேண்டும் என்பது விதி; அத்தொகை, கீழே விளக்கப்படும் எல்லா இழப்புகளையும் கூட்டிய பின் எழுதப்பட வேண்டும்.

தொகை எவ்வாறு சுருங்குகிறது

இழப்புகளை விதிகள் இரண்டாகப் பிரிக்கின்றன. கட்டணச் சீட்டாலோ ஊதியப் பட்டியலாலோ அளவிடத்தக்கவை பொருளாதார இழப்புகள்: ஏற்கெனவே ஆன மருத்துவச் செலவு, இனி ஆகக்கூடிய செலவு, இழந்த வருவாயும் இனி இழக்கப்போகும் வருவாயும், வீட்டில் அவர் செய்துவந்த வேலைகளுக்கு ஆள் அமர்த்தும் செலவு போன்றவை. உடல்வலி, மனவேதனை, உருக்குலைவு ஆகியன பொருளாதாரம் சாராத இழப்புகள். தவறிழைத்தவரைத் தண்டிக்கும் நோக்குடன் விதிக்கப்படும் தண்டனை நட்டஈடு இங்கு அறவே இல்லை.

பொருளாதார இழப்புக்கு உச்சவரம்பு இல்லை. பொருளாதாரம் சாராத இழப்புக்கு உண்டு. மாநிலங்கள் விதித்திருக்கும் வரம்புகளின் சராசரியை ஒட்டி, 2021இன் இடைக்கால விதி அதனை 5 லட்சம் டாலராக நிறுவியது. 2022இன் இறுதி விதி 6 லட்சமாக உயர்த்தியது. அரசிதழ் அறிவிப்பின் வழி இவ்வரம்பு அவ்வப்போது திருத்தப்படும் என விதியே கூறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள தொகையை அரசிதழில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒரே சிகிச்சையில் எத்தனை மருத்துவர்கள் தவறிழைத்திருந்தாலும் வரம்பு ஒன்றே.

ஆனால் தொகையை உண்மையில் விழுங்குவது இவ்வரம்பன்று. அரசு ஏற்கெனவே தரும் பயன்களைக் கழித்துக்கொள்ளும் முறையே. ஃபெரஸ் தீர்ப்பின் மூன்றாவது காரணம், அதாவது அரசு முன்பே ஈடு செய்கிறது என்பது, இங்குக் கணக்குப் பதிவேட்டின் உருவில் மீண்டும் வருகிறது. காயத்துக்குப் பின்னரும் பெற்ற படை ஊதியமும் படிகளும், ஊன ஓய்வூதியம், ஊனப் பிரிவுத்தொகை, முன்னாள் படைவீரர் நலத் துறை தரும் ஊன ஊதியம், டிரைகேரின் வழி இனிக் கிடைக்கப்போகும் மருத்துவத்தின் மதிப்பு ஆகியன கழிக்கப்படும். வீரர் இறந்திருந்தால், ஒரு லட்சம் டாலரான இறப்புக் கொடைத்தொகை, வாரிசுகளுக்கான படை ஓய்வூதியம், நலத் துறை வழங்கும் சார்ந்தோர் ஊதியம் ஆகியன கழிவில் சேரும். இவற்றுள் மாதந்தோறும் வருபவை, வாழ்நாள் முழுமைக்குமாகக் கணக்கிடப்பட்டு இன்றைய மதிப்பில் ஒரே தொகையாக மாற்றப்படும். இளவயதில் முழு ஊனமுற்ற ஒருவருக்கு அத்தொகை எளிதாகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டும்.

எல்லாப் பயன்களும் கழிக்கப்படுவதில்லை. வீரர் தம் ஊதியத்திலிருந்து தவணை செலுத்திய படைத்துறைக் குழு ஆயுள் காப்பீடு, அதனோடு இணைந்த விபத்துக் காயக் காப்பீடு, சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் பயன்கள், சிக்கனச் சேமிப்புத் திட்டத்தில் அரசு முன்பே இட்ட பங்கு ஆகியன தொடப்படா. பணியிலிருந்தபோது அளிக்கப்பட்ட மருத்துவத்தின் மதிப்பும் அவ்வாறே.

இக்கழிவு எதிலிருந்து செய்யப்படுகிறது என்பதில் 2024இல் நேர்ந்த மாற்றம், இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின் வீரர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் எனலாம். முன்பு பொருளாதார இழப்பையும் சாராத இழப்பையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையிலிருந்து கழித்தனர். இப்போது பொருளாதார இழப்பிலிருந்து மட்டுமே கழிக்கின்றனர். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒருவருடைய பொருளாதார இழப்பு 9 லட்சம் டாலர் என்றும், வலிக்கும் வேதனைக்கும் உரியது 6 லட்சம் என்றும், அரசுப் பயன்களின் இன்றைய மதிப்பு 11 லட்சம் என்றும் கொள்க. பழைய முறையில், கூட்டுத்தொகையான 15 லட்சத்திலிருந்து 11 லட்சம் போக 4 லட்சமே எஞ்சும். பயன்களின் மதிப்பு 15 லட்சமாக இருந்திருந்தால் தவறு ஐயமற நிறுவப்பட்டிருந்தும் ஒரு டாலரும் எஞ்சாது. புதிய முறையில் 9 லட்சம் முழுவதும் கழிவில் மறைந்தாலும், 6 லட்சம் குறையாமல் நிற்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கே குறைவாகக் கிடைத்த பழைய முறையின் முரண் இதனால் பெரிதும் நீங்கியது. எனினும் பொருளாதார இழப்பு பெரும்பாலான வேளைகளில் கழிவிலேயே கரைந்துவிடுகிறது என்ற உண்மை மாறவில்லை. ஆகவே நடைமுறையில், பொருளாதாரம் சாராத இழப்பின் உச்சவரம்பே பலருக்கு மொத்த இழப்பீட்டின் உச்சவரம்பாகிவிடுகிறது.

இதற்குப் பின்னும் இரண்டு குறைப்புகள் உண்டு. நோயாளியின் சொந்தக் கவனக்குறைவும் பாதிப்புக்குக் காரணமாக இருந்தால், உதாரணமாக அறிவுறுத்தப்பட்ட மறுபரிசோதனைக்கு அவர் செல்லாதிருந்தால், அதன் விகிதத்துக்கேற்பத் தொகை குறையும். அவர் பங்கு பாதிக்கு மேற்பட்டால் எதுவும் கிடைக்காது. வழக்கறிஞரின் கட்டணம் வழங்கப்படும் தொகையில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது எனச் சட்டம் வரையறுக்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டின் 6 லட்சத்தில் இது 1,20,000 டாலர் வரை ஆகலாம். தனியார் வழக்குகளில் மூன்றில் ஒரு பங்கு வாங்கிப் பழகிய வழக்கறிஞர்கள் பலர், கழிவுக்குப் பின் என்ன மிஞ்சும் எனக் கணக்கிட்டுப் பார்த்து இக்கோரிக்கைகளை ஏற்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். வீரரின் நலனைக் காக்க வகுத்த வரம்பு, அவருக்கு வழக்கறிஞரே கிடைக்காமல் செய்யும் நிலையும் உண்டு.

விண்ணப்பமும் மேல்முறையீடும்

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தவறு நேர்ந்த நாள், அல்லது பாதிப்பையும் அதற்கு மருத்துவத் தவறு காரணமாக இருக்கக்கூடும் என்பதையும் வீரர் அறிந்த, அல்லது முறையான அக்கறையுடன் அறிந்திருக்க வேண்டிய நாள், இவ்விரண்டில் பிந்தியதிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. ‘அறிந்திருக்க வேண்டிய’ என்ற சொற்றொடர் ஆபத்தானது: ஆய்வக அறிக்கை இணைய வாயிலில் ஏறிய நாளையே அறிந்த நாளாகத் துறை வாதிடலாம். 2020இல் தாக்கலான கோரிக்கைகளுக்கு மட்டும் மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. எனவே 2017க்கு முன் எழுந்தவை நிலையாக அடைபட்டுவிட்டன. உச்ச நீதிமன்றம் வரை சென்ற டேனியல் வழக்கின் இறப்பு நேர்ந்தது 2014இல்.

விண்ணப்பத்துக்கெனச் சிக்கலான படிவம் தேவையில்லை; நடந்தது என்ன, எங்கே, எவரால், எத்தகைய பாதிப்பு, எவ்வளவு தொகை என்பவற்றை எழுதிக் கையெழுத்திட்டு, தாம் சார்ந்த படைத்துறையின் கோரிக்கைப் பிரிவுக்கு அனுப்பினால் போதும். மரைன் படையினர் கடற்படைத் துறையிடமும், விண்வெளிப் படையினர் விமானப்படைத் துறையிடமும் அனுப்புவர். உடலில் துண்டை மறந்து தைத்தது போன்ற, எவரும் பார்த்ததும் தவறென உணரத்தக்க நிகழ்வாக இல்லாவிடில், மருத்துவப் பணியாளர் ஒருவரைக் கலந்தாலோசித்ததாகவும், சிகிச்சைத்தரம் மீறப்பட்டதென அவர் கருதுவதாகவும் கூறும் பிரமாணப் பத்திரத்தை இணைக்க வேண்டும். சிகிச்சைத்தரம் என்பது, அதே துறையில் பயிற்சி பெற்ற ஒருவர் அதே சூழலில் காட்டியிருக்கக்கூடிய திறனும் கவனமும் ஆகும். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறாமல் நாடு முழுமைக்கும் ஒன்றாகவே அளக்கப்படுகிறது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு கோருபவருடையது. நீதிமன்ற வழக்கில் இருப்பதைப் போல எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கட்டாயப்படுத்திப் பெறவோ, மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்யவோ இங்கு இடமில்லை. தவறு நேர்ந்த பின் மருத்துவமனை தனக்குள் நடத்தும் தர ஆய்வின் பதிவுகள் தனிச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவை கோருபவரின் கைக்கு வாரா. எனவே பணியிலிருக்கும் காலத்திலேயே தம் முழு மருத்துவப் பதிவுகளையும், குறிப்பாகப் படங்களின் மூலக் கோப்புகளையும் செவிலியர் குறிப்புகளையும் சேர்த்து, கேட்டுப் பெற்று வைப்பது, பிற்காலத்தில் பெறும் எந்தச் சட்ட ஆலோசனையையும் விடப் பயன் தரும். படைத்தளங்களில் உயில், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றுக்கு இலவசமாக உதவும் சட்ட அதிகாரிகள், அரசுக்கு எதிரான இக்கோரிக்கைகளில் வீரரின் சார்பில் நிற்க இயலாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

துறை தன் முதல் முடிவைத் தெரிவித்தபின், அதில் உடன்பாடில்லாதவர் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பாதுகாப்புச் சுகாதார முகமையின் கீழ் அமைந்த மேல்முறையீட்டு வாரியம், நேரடி விசாரணை எதுவுமின்றி ஏடுகளைப் பார்த்தே அதனை முடிவுசெய்கிறது. அம்முடிவே இறுதி. அதனை எந்த நீதிமன்றமும் மறுஆய்வு செய்யலாகாது எனச் சட்டம் கூறுகிறது. உச்சவரம்பையும் கழிவையும் விடக் கடுமையான எல்லை இதுவே. ஏனெனில் நீதிமன்றத்தின் பார்வைக்கு ஒருநாளும் செல்லாத முடிவை எழுதுபவருக்கு, காரணங்களை விரித்துரைக்கும் கட்டாயம் இருப்பதில்லை. மேல்முறையீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் எனச் சான்றுகளை ஒளித்துவைக்காமல், நிபுணர் கருத்து உட்பட யாவற்றையும் முதல் விண்ணப்பத்திலேயே இணைப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

பிறருக்குரிய வழிகள்

படைவீரரின் மனைவிக்கோ பிள்ளைக்கோ, ஓய்வுபெற்ற வீரருக்கோ அமெரிக்க மண்ணிலுள்ள இராணுவ மருத்துவமனையில் தவறு நேர்ந்தால், ஃபெரஸ் கோட்பாடு பொதுவாகக் குறுக்கே வராது. அவர்கள் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ‘ஸ்டாண்டர்டு ஃபார்ம் 95’ என்ற படிவத்தில் இரண்டாண்டுகளுக்குள் முதலில் துறையிடம் கோரி, அது மறுக்கப்பட்டாலோ ஆறு மாதங்களில் முடிவு வராவிட்டாலோ கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் செல்லலாம். மறுப்புக் கடிதம் வந்துவிட்டால், அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வழக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அங்கு ஜூரி இல்லை, நீதிபதியே தீர்ப்பளிப்பார். தண்டனை நட்டஈடும் இல்லை. தொகையின் வரம்பை மருத்துவமனை அமைந்துள்ள மாநிலத்தின் சட்டம் தீர்மானிக்கும். ஆகவே ஒரே மருத்துவமனையில், ஒரே மருத்துவரின் ஒரேவிதத் தவறால் பாதிக்கப்பட்ட கணவருக்கும் மனைவிக்கும், ஒருவர் சீருடையில் இருக்கிறார் என்பதாலேயே, இருவேறு சட்டமும் இருவேறு வரம்பும் பொருந்தும் விந்தை நிகழ்கிறது.

மகப்பேறு இவ்விரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் இடம். தாய் படைப்பணியில் இருப்பவர் எனில், பிறப்பின்போது குழந்தைக்கு நேர்ந்த கேட்டைத் தாயின் பணியுடன் தொடர்புடைய காயத்திலிருந்து முளைத்ததாகக் கருதி, ஆர்டிஸ் வழக்கில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் குழந்தையின் கோரிக்கையைத் தள்ளியது. எல்லா வட்டாரங்களும் ஒரே நோக்குடையவை அல்ல என்பதால், இத்தகைய நிலையிலுள்ள குடும்பங்கள் தம் பகுதியின் தீர்ப்புகளை அறிந்த வழக்கறிஞரை அணுகாமல் எவ்வழியையும் கைவிடுவது தகாது.

அயல்நாட்டுத் தளங்களிலுள்ள மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்ட குடும்பத்தினருக்கு, அயல்நாட்டு விலக்கின் காரணமாக 1946ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. அவர்கள் இராணுவக் கோரிக்கைகள் சட்டம் எனப்படும் வேறொரு நிர்வாக வழியில் கேட்கலாம். படையிலிருந்து விடுபட்ட பின் முன்னாள் படைவீரர் நலத் துறையின் மருத்துவமனையில் நேர்ந்த தவறுக்கு வழக்குத் தொடரலாம் என்பது 1954இன் பிரவுன் தீர்ப்பிலேயே உறுதியானது. வழக்கு வேண்டாம் என்போர், கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 38ஆம் தலைப்பு, 1151ஆம் பிரிவின் கீழ், அக்கேட்டைப் பணியில் நேர்ந்த ஊனத்துக்கு நிகராகக் கருதி மாத ஊதியம் தருமாறு கோரலாம். இக்கோரிக்கைக்கு இரண்டாண்டுக் கெடு இல்லை. ஆனால் ஊதியம் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத ஊதிய இழப்பாகும்.